யாரும் வாங்காத பழைய புத்தகங்கள்: வீட்டைக் காலி செய்யும்போது நடக்கும் தவறுகள்

போன மாதம் அம்பத்தூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மாமனார் இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, வீட்டை விற்கப்போகிறோம், அவருடைய புத்தகங்களை என்ன செய்வது என்று மருமகள் கேட்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அவரும் கணவரும் பாதி வேலையை முடித்திருந்தார்கள். கூடத்தில் தடித்தடிப் புத்தகங்கள், தூசி தட்டி, பெயர் தெரியும்படி வரிசையாக அடுக்கியிருந்தன. வாசல் ஓரத்தில் ஒரு சாக்கு மூட்டை.

"அதை விடுங்கக்கா. வெறும் நோட்டீசும் விழா மலரும்தான். பேப்பர்காரர் அஞ்சு மணிக்கு வர்றேன்னிருக்கார்."

அப்போது மணி மூன்றரை. சாக்கைப் பிரித்துத் தரையில் கொட்டச் சொன்னேன்.

நான் இந்த வேலையை ஏறக்குறைய 15 வருடங்களாகச் செய்கிறேன். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது கூப்பிடுவார்கள். போய் உட்கார்ந்து புத்தகங்களைப் பிரித்துக் கொடுப்பேன். எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்தில் தடிமன், வாசலில் சாக்கு. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் பிரித்தேன். நனைந்ததைக் கொடுக்காதே, பக்கம் போனதைக் கொடுக்காதே என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். தெரியாமல் நடக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

தடிமனைப் பார்த்து மதிப்புப் போடுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

2009இல் மன்னார்குடியில் பெரியப்பாவின் வீட்டைக் காலி செய்தோம். அவரிடம் தங்க எழுத்து பொறித்த என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா 30 தொகுதிகளும் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குப் பக்கம். "இதையா விடுவது" என்று ஒரு குட்டி யானை வண்டி பிடித்துச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். பரணில் இருந்த மெல்லிய புத்தகங்களையும் தாள்களையும் மூன்று சாக்கில் கட்டி, அதே தெருவில் இருந்த பழைய பேப்பர் கடையில் போட்டேன். 42 கிலோ. கிலோ ஆறு ரூபாய் என்று 252 ரூபாய் கொடுத்தார். வேலை முடிந்தது என்று நிம்மதியாக பஸ் ஏறினேன்.

இரண்டு வருடம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவர் என்னைத் தேடி வந்தார். தஞ்சைப் பகுதியின் கிராமத்துப் படிப்பகங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். பெரியப்பாவும் நண்பர்களும் இளவயதில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்களாம். அதன் பிரதிகள் பெரியப்பாவிடம்தான் இருந்தன என்று ஊரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இருந்தன. அவற்றை நான் கையில் எடுத்துப் பார்த்தும் இருக்கிறேன். ஆறோ ஏழோ இதழ்கள். நோட்டுப் புத்தக அளவு, ஊதா மையில் எழுதி, கோணி ஊசியால் தைத்திருந்தார்கள். ஓர் இதழின் அட்டையில் அரிக்கேன் விளக்கு ஒன்று, வாட்டர் கலரில், பெரியப்பா வரைந்தது. கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரே பிரதிதான். வீடு வீடாகச் சுற்றிவரும். அதனால் கடைசியில் நான்கைந்து பக்கம் வெறுமையாக விட்டிருப்பார்கள். படித்தவர்கள் அதில் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பக்கங்களில் பென்சிலில், பேனாவில், நடுங்கும் எழுத்தில், மணி மணியான எழுத்தில் ஊரே இருந்தது. யார் படித்தார்கள், எந்தக் கதைக்குக் கோபப்பட்டார்கள், எந்தப் பெண் தன் பெயரைப் போடாமல் முதலெழுத்தை மட்டும் போட்டாள் என்பதெல்லாம் வேறு எங்கேயும் கிடைக்காது. அதை நான் கிலோ ஆறு ரூபாய்க்குப் போட்டேன். அந்த மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை. எதிரே இருந்த பிரிட்டானிகா வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் வாசலில் சாக்கைப் பார்த்தால் குரல் உயர்ந்துவிடுகிறது.

பிரிக்க உட்காரும்போது "விலை எவ்வளவு இருக்கும்", "எவ்வளவு பழசு" என்று பார்க்காதீர்கள். "இது இன்னொரு வீட்டில் இருக்குமா?" என்று கேளுங்கள். தங்க எழுத்துப் போட்ட கலைக்களஞ்சிய வரிசைகளை உலகம் முழுக்க விற்றார்கள். பிரிட்டானிகா நிறுவனமே 2012இல் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. எந்த நூலகத்தைக் கேட்டாலும் "எங்களிடமே இருக்கிறது, வைக்க இடமில்லை" என்பார்கள். ஒரு கிராமத்துக் கோயிலின் குடமுழுக்கு மலர் அப்படியில்லை. சில நூறு பிரதி அடித்திருப்பார்கள். அதில் பாதி மழையில் போயிருக்கும், மீதி போகியில் போயிருக்கும்.

சாக்கில் தேட வேண்டியவை இவை: கோயில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சங்கங்களின் வெள்ளிவிழா மலர்கள், சிறுபத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், சினிமா பாட்டுப் புத்தகங்கள், தேர்தல் துண்டுப் பிரசுரங்கள், மணிவிழா வாழ்த்து மடல்கள். உள்ளூர் அச்சகத்தில் சொந்தக் காசு போட்டு அடித்த கவிதைப் புத்தகங்களும் உண்டு. கவிதை சுமாராக இருக்கலாம். முன்னுரையில் அந்த ஊர்ப் புலவர், வாத்தியார், அச்சகக்காரர் எல்லாரும் இருப்பார்கள்.

இன்னொன்று, வீட்டு பைண்டிங். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைப்பது நம் வீடுகளில் ஒரு பெரிய பழக்கமாக இருந்தது. முதுகில் பெயர் இருக்காது, பிரவுன் அட்டை, பார்க்க ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். திறந்து பார்த்தால் 1950-54இல் கல்கி இதழில் மணியம் ஓவியங்களோடு வந்த பொன்னியின் செல்வனாக இருக்கலாம். கதை எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தப் படங்களோடும் பக்கத்து விளம்பரங்களோடும் கிடைக்காது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் அச்சிட்ட எதையும் விடாமல் சேர்த்தார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பத்திரிகை நறுக்கு என்று மற்றவர்கள் கழித்ததெல்லாம் அவர் வீட்டில் இருந்தது. 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, 1994இல் சென்னையிலேயே அவர் பெயரில் நூலகம் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். இன்று தமிழில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தரமணியில் போய் உட்கார்ந்து பார்ப்பது அவற்றைத்தான். நாம் சாக்கில் கட்டுவதும் இதே வகைச் சரக்கு.

அப்படி ஒன்று கிடைத்தால் என்ன செய்வது? முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் அட்டை, தலைப்புப் பக்கம், அச்சகத்தின் பெயர் உள்ள பக்கம் மூன்றையும் போனில் படம் எடுங்கள். தலைப்பு, ஆண்டு, ஊர் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அதை ரோஜா முத்தையா நூலகத்துக்கோ புதுக்கோட்டை ஞானாலயா என்ற தனியார் நூலகத்துக்கோ அனுப்பிக் கேளுங்கள். இலங்கையில் அச்சானதாக இருந்தால் 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனத்தைக் கேளுங்கள். ஈழத்து ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். பட்டியல் இல்லாமல் மூட்டையோடு போய் நிற்காதீர்கள்.

அம்பத்தூர் சாக்கில் கிடைத்த மலர்களில் ஒன்றைச் சொல்கிறேன். செங்கல்பட்டுப் பக்கத்துச் சின்னக் கிராமம், பிள்ளையார் கோயில் குடமுழுக்கு, 1961. பின்பக்கம் முழுக்க நன்கொடைப் பட்டியல். பெரிய தொகைகள் மேலே, கீழே வர வர ஒரு ரூபாய், எட்டணா. கடைசி வரியில் ஒரு பெயருக்கு எதிரே ரூபாய் இல்லை, "தேங்காய் 11" என்று இருந்தது. மருமகள் அதை வாங்கிப் படித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டியலின் நடுவில் அவர் மாமனாரின் அப்பா பெயர், இரண்டு ரூபாய். பேப்பர்காரர் ஐந்து மணிக்கு வந்தபோது அவரிடம் கொடுத்தது வேறு ஒரு கட்டு.

சொல்லாமல் கொண்டுபோய் நூலகத்தில் இறக்குவது

நூலகர் வேண்டாம் என்றால் அவருக்குப் புத்தகத்தில் அக்கறை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அரசு நூலகத்தில் ஒவ்வொரு புத்தகமும் பதிவேட்டில் எண் ஏறிய பிறகுதான் அலமாரிக்குப் போகும். எண் ஏறியது தொலைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கழிக்க வேண்டுமென்றால் மேலே எழுதி அனுமதி வாங்க வேண்டும். நாம் இறக்கும் 300 புத்தகங்கள் அவருக்கு 300 பொறுப்புகள். அதனால் அவை மாடிப்படிக்குக் கீழே மூட்டையாகவே கிடக்கும், கரையான் வரும். அப்படி மண்ணாகிப் போன மூட்டைகளை நானே பார்த்திருக்கிறேன். இங்கேயும் பட்டியல்தான் வழி. முப்பது தலைப்பு கொடுத்து, எது வேண்டும் என்று கேளுங்கள். ஐந்து வேண்டும் என்றால் ஐந்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

"கிராமத்துப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாமே"

பத்தில் எட்டு வீட்டில் இதைக் கேட்கிறேன். கொடுக்க நினைப்பது 1990களின் வங்கித் தேர்வு கைடு, ஆங்கிலத்தில் மேலாண்மைப் புத்தகம், கணினி மொழி கற்றுத்தரும் பழைய பதிப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இதை என்ன செய்யும்? ஏழைப் பிள்ளைகளுக்கு எதுவும் உதவும் என்ற நினைப்பு எனக்குப் பிடிப்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு வாங்கித் தர மாட்டீர்கள் என்றால் அந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். பெரிய எழுத்து, படம், தமிழில் கதை என்று இருந்தால் மட்டும் தலைமை ஆசிரியரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நல்ல நாவல்கள், வாழ்க்கை வரலாறுகள் இருந்தால் சிறை நூலகங்களை நினைத்துப் பாருங்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே அரங்கு போட்டுக் கேட்டு வாங்கியது.

பூச்சி இருக்கும் கட்டைக் கொடுப்பது

கூடவே கூடாது. இராமபாணம் ஒரு கட்டோடு நிற்காது.

சரஸ்வதி என்று சொல்லி எதையும் கழிக்காமல் இருப்பது

கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். புத்தகத்தை எடைக்குப் போட மனசு வராது, புரிகிறது. ஆனால் சில புத்தகங்களை அடுத்தவரிடம் கொடுப்பதுதான் தப்பு. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது, அதற்கு முந்தைய விற்பனை வரிக் கையேடு இன்று வியாபாரிக்குத் தப்பு வழி காட்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது, சட்டம் படிக்கும் மாணவருக்கு பழைய கைடைக் கொடுத்தால் அவர் பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்வார். மருந்தும் அளவும் சொல்லும் பழைய மருத்துவப் புத்தகம் இன்னும் ஆபத்து. இவையெல்லாம் தயங்காமல் பேப்பர் கடைக்குப் போகலாம். பிளாஸ்டிக் பூசிய மேலட்டையையும் கெட்டி பைண்டிங்கையும் கிழித்துத் தனியே வையுங்கள். உள்தாள் மறுபடி காகிதக் கூழாகிவிடும்.

பழைய புத்தகக் கடையில் பேரம் பேசுவது

வேண்டாம். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனவர்களாக இருந்தாலும், திருவல்லிக்கேணி நடைபாதைக்காரர்களாக இருந்தாலும், எது விற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், எடுக்காததைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

ஸ்கேன் செய்து இணையத்தில் போடுவது

நல்ல எண்ணம்தான், ஆனால் பார்த்துச் செய்ய வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை அவர் குடும்பத்துக்கு. பாரதியார் தொடங்கித் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவர்களின் நூல்களுக்கு இந்தத் தடை இல்லை. இன்னொன்றும் உண்டு. ஸ்கேன் செய்வதற்காக முதுகை வெட்டாதீர்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டில் அச்சான 1940களின் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். மேலே இருந்து போனில் படம் எடுத்தால் போதும்.

உதறிப் பார்க்காமல் கொடுப்பது

ஒரு முறை எல்ஐசி பத்திரம் விழுந்தது. ஒரு முறை முப்பது வருடப் பழைய கடிதம்.

முதல் பக்கத்தைக் கிழிப்பது

"அன்புள்ள தங்கைக்கு" என்று எழுதியிருக்கிறதே, வெளியாள் பார்ப்பார்களே என்று கிழிக்கிறார்கள். பதிப்பு ஆண்டும் அச்சகமும் அந்தத் தாளின் பின்பக்கம்தான் இருக்கும்.

போகிக்கு எரிப்பது

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஐப்பசியில் ஆரம்பிப்பது

மழை மாதத்தில் பரணைத் தொடாதீர்கள். தை பிறந்த பிறகு, வெயில் வரும் ஒரு அறையில், ஒரு நாளைக்கு ஓர் அலமாரி என்று செய்யுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். மெல்லிய புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, "இது யார் கொடுத்தது?" என்று கேளுங்கள். சொல்வதைப் பென்சிலில் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

பிரிட்டானிகா 30 தொகுதிகளும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. இதுவரை ஐந்து இடத்தில் கேட்டேன், யாரும் எடுக்கவில்லை. வரும் தையில் அட்டையைக் கிழித்துத் தாளைக் கடையில் போடப்போகிறேன். அந்த அலமாரிக்கு அம்பத்தூர் சாக்கிலிருந்து எடுத்த 70 மலர்கள் வருகின்றன. பட்டியல் போட்டு முடிக்கும் வரை இங்கேயே இருக்கட்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார்.