உலக நேர வாட்ச்: மலிவானதா, விலை உயர்ந்ததா?

ஒரே ஒரு வெளியூரின் நேரம் தெரிந்தால் போதும் என்பவருக்கு, பல ஊர்களின் நேரத்தைக் காட்டும் உலக நேர வாட்சே வேண்டாம். கூடுதலாக ஒரு முள் வைத்த ஜிஎம்டி வாட்ச் போதும். ஐந்தாறு ஊர்களின் நேரத்தை அடிக்கடி பார்ப்பவர் மேற்கொண்டு படிக்கலாம்.

டயலைச் சுற்றி ஊர்ப்பெயர் அச்சடித்த எல்லாமே உலக நேர வாட்ச் ஆகிவிடாது. கிரவுனை (பக்கத்தில் உள்ள திருகை) இழுத்து முள்ளை முன்னோக்கித் திருப்புங்கள். உள்ளே இருக்கும் 24 மணி வளையமும் கூடவே எதிர்த்திசையில் நகர வேண்டும். ஜெனீவாவின் லூயி கோட்டியே 1930களில் அமைத்த முறை இது. சுவிஸ் நிறுவனமான படெக் பிலிப் இன்றும் இதைத்தான் கையாள்கிறது. வளையம் அசையவில்லை என்றால், ஊர்ப் பட்டையை ஒவ்வொரு தடவையும் கையால் திருப்பித்தான் கணக்குப் போட வேண்டும். அதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

அசல் வளையத்துக்கும் ஒரு குறை உண்டு: அதில் முழு மணி வித்தியாசம் மட்டுமே. கிரீன்விச் நேரத்தைவிட முந்தியிருக்கும் டெல்லி (5:30 மணி), காத்மாண்டு (5:45), அடிலெய்டு (9:30) எல்லாம் மனக்கணக்குதான். 37 மண்டலங்கள் காட்டும் வஷ்ரோன் கான்ஸ்டன்டின் ஓவர்சீஸ் போன்றவை விதிவிலக்கு. வேடிக்கை என்னவென்றால், மிக மலிவான கேசியோ ஏஇ-1200 அரை மணி, முக்கால் மணி ஊர்களையும் சேர்த்து 48 ஊர்களின் நேரத்தைக் காட்டுகிறது. மாதத்துக்கு 30 விநாடி முன்பின் ஓடலாம், பேட்டரி சுமார் 10 ஆண்டு வரும். துல்லியச் சான்றிதழ் பெற்ற மெக்கானிக்கல் வாட்சான குரோனோமீட்டருக்கோ நாளுக்குச் சராசரியாக 4 விநாடி பின்தங்கவும் 6 விநாடி முந்தவும் அனுமதி உண்டு.

கோடைக்கால நேரம் (சில நாடுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பது) இரண்டிலும் சிக்கல். அச்சிட்ட வளையத்துக்கு அது தெரியாது, நீங்கள்தான் ஒரு மணி கூட்ட வேண்டும். ஏஇ-1200-இல் ஊர் ஊராக நாமே மாற்றிவைக்க வேண்டும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 அல்ல, 4 மணி வித்தியாசம்.

வளைய வாட்சில் நேரம் வைக்கும்போது உங்கள் ஊரை 12-க்கு மேலே கொண்டுவந்து, பிறகு முட்களைத் திருப்புங்கள். 24 மணி வளையம் பகலா இரவா என்பதைச் சரிபார்க்காமல் விட்டால் எல்லா ஊரும் 12 மணி தள்ளிக் காட்டும். ‘வாட்ச் கெட்டுவிட்டது’ என்று கடைக்குப் போகுமுன் இதைப் பாருங்கள்.

அப்படியென்றால் படெக் போன்றவற்றுக்கு ஆயிரம் மடங்கு விலை எதற்கு? கையால் மெருகேற்றிய பாகங்கள், எனாமல் டயல், ஒரு பொத்தானை அழுத்தினால் நிமிட முள் தடைபடாமல் மணி முள்ளும் இரு வளையங்களும் சேர்ந்து தாவும் சொகுசு. அந்த இயக்கத்தின் அழகு பிடித்திருந்தால் வாங்குங்கள். நேரத்துக்காக என்றால் வேண்டாம். சில ஆண்டுக்கு ஒரு முறை சர்வீஸ் செலவும் சேரும்.

பழைய வாட்ச் வாங்கினால் மாஸ்கோவைப் பாருங்கள். அந்த ஊரின் நேரம் 2011-இல் யூடிசி+4 (உலகப் பொது நேரத்தைவிட 4 மணி முந்தியது) ஆகி, 2014-இல் +3 ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சான வளையம் இன்று ஒரு மணி தப்பாகவே காட்டும்.