ஒரு கண் திடீரென்று மங்கினால்: நம் டெல்டா பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஒரு கண்ணில் மட்டும் பார்வை திடீரென்று குறைந்தால் முதலில் கண்ணைக் கசக்குவோம், தண்ணீர் அடித்துக் கழுவுவோம், கொஞ்ச நேரம் படுத்துப் பார்ப்போம். மறுநாளும் அப்படியே இருந்தால் "அறுப்பு முடியட்டும், மெஷின்காரன் நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான்", "வெள்ளிக்கிழமை பையன் வர்றான், அவனோட போய்க்கலாம்" என்று நாள் தள்ளிப்போகும். இன்னொரு கண் நன்றாகத் தெரிவதால் வயலுக்குப் போவதோ சமைப்பதோ வண்டி எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதோ நிற்பதில்லை, அதனால் வீட்டில் மற்றவர்களும் பதறுவதில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய கண் கைவிட்டுப் போவது இப்படித் தள்ளிப்போட்ட நாலைந்து நாளில்தான்.

சரி, திடீரென்று மங்கினால் உடனே என்ன செய்வது? முதலில் மங்கியது ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்று பார்க்க வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டருக்கு எதிரே, வெளிச்சத்தில், ஏழெட்டு அடி தள்ளி நில்லுங்கள். கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே பார்க்கலாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அழுத்த வேண்டாம். தேதி எண் முழுதாகத் தெரிகிறதா, ஒரு பக்கம் அழிந்திருக்கிறதா, நடுவில் கறுப்பாக ஏதாவது மறைக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் கதவு நிலை நேராகத் தெரிகிறதா, நெளிகிறதா? காலண்டர் அட்டையில் இருக்கும் சாமி படத்துப் புடவையின் சிவப்பு எப்படித் தெரிகிறது? அப்புறம் அந்தக் கண்ணைத் திறந்துவிட்டு மறு கண்ணை மூடி இதையெல்லாம் திரும்பப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலைதான்.

இது ஏன் முக்கியம் என்றால், "வலது கண்ணு போயிடுச்சு" என்று சொல்லி வருபவர்களில் சிலருக்கு உண்மையில் இரண்டு கண்ணிலுமே வலது பாதிப் பார்வை போயிருக்கும். எந்தக் கண்ணை மூடினாலும் வலது பக்கம் காணோம் என்றால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். அது பக்கவாதமாக இருக்கலாம். அப்படி இருந்தாலோ, பார்வை மங்கியதோடு வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது எதாவது சேர்ந்து வந்தாலோ கண் டாக்டரைத் தேட வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, கடைசியாக எப்போது பார்வை நன்றாக இருந்தது என்ற நேரத்தை ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான், சிகிச்சையும் பெரும்பாலும் அதை வைத்துத்தான் முடிவாகும்.

வலி இல்லையே என்று விடுவது

இதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். பல் வலித்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஓடுகிறோம், வலிக்காத கண்ணைப் பத்து நாள் விட்டுவைக்கிறோம். கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கும் விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையைப் பறிக்கும் மோசமான கோளாறுகள் பலவும் அங்கேதான் நடக்கின்றன, கண் சிவக்காது, உறுத்தாது, கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது.

விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் சில விநாடிகளிலேயே அந்தக் கண் இருண்டுவிடும். மூளையில் வரும் பக்கவாதம் எப்படியோ, இது கண்ணில் வரும் பக்கவாதம். சுமார் நாலு மணி நேரத்துக்கு மேல் ரத்தம் போகாவிட்டால் விழித்திரை பெரும்பாலும் மீளாது. போன பார்வையைத் திருப்பிக் கொடுக்கும் வைத்தியம் இதில் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஓட வேண்டும், ஏனென்றால் அந்தக் குழாயை அடைத்த ரத்தக்கட்டி இதயத்திலிருந்தோ கழுத்து ரத்தக்குழாயிலிருந்தோ வந்திருக்கலாம், அடுத்த கட்டி மூளைக்குப் போகலாம். அதனால் மூளை ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போவது நல்லது.

பிரஷரும் சுகரும் உள்ளவர்களுக்கு ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் அடைப்பதும் உண்டு, காலையில் எழுந்து பார்த்தால் ஒரு கண் புகைமூட்டமாக இருக்கும். பல வருஷமாகச் சுகர் இருப்பவர்களுக்கு இன்னொன்று நடக்கும்: விழித்திரையில் புதிதாக முளைத்த மெல்லிய குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் நூல் நூலாக இறங்குமே, அப்படித்தான் பார்வையில் கறுப்பு இழைகள் இறங்கும், அப்புறம் மொத்தமாக மறைக்கும். "சுகர் கன்ட்ரோல்லதான் இருக்கு, பார்வையும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள். பார்வை நன்றாக இருக்கும்போதே இந்தக் குழாய்கள் வளரும் என்பதால்தான் சுகர் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை கண் பாப்பாவை (கருவிழி நடுவில் இருக்கும் துளையை) சொட்டு மருந்து விட்டு விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்ததிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் அந்த மாத்திரையைத் தவறாமல் போடுவதும் விழித்திரையைப் பார்ப்பதும் வேறு வேறு வேலை.

இருண்டு, திரும்பத் தெரிந்துவிட்டால்

ஒரு கண் மட்டும் திடீரென்று மறைத்தது, அஞ்சு பத்து நிமிஷத்தில் பழையபடி தெரிந்துவிட்டது. வீட்டில் என்ன சொல்வார்கள்? வெயில்ல நின்ன, சாப்பிடாம இருந்த, பித்தம். இளநீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். இப்படி வந்து போவது பெரும்பாலும் சின்னக் கட்டி ஒன்று குழாயை அடைத்துவிட்டுக் கரைந்து போனதன் அடையாளம், அடுத்த சில நாட்களில் முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். பார்வை திரும்பிவிட்டாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். ஆஸ்பிரின் போட்டால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி நீங்களாகப் போடாதீர்கள், அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய முடியும். பிரஷர் மாத்திரையை இரண்டாகப் போடுவதும் அப்படியே, வேண்டாம்.

பூச்சி பறப்பது, மின்னல் வெட்டுவது

கண் முன்னால் ஒன்றிரண்டு பூச்சி பறப்பது வயதானால் பலருக்கும் இருப்பதுதான், பல வருஷமாக அப்படியே இருந்தால் பயமில்லை. திடீரென்று ஒரே நாளில் கொத்தாகப் பூச்சிகள், இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டுவது, பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ கீழிருந்தோ திரை இழுத்த மாதிரி மறைத்துக்கொண்டே வருவது என்றால் விழித்திரை கிழிந்திருக்கலாம் அல்லது பிரிந்துகொண்டிருக்கலாம். தடிமனான மைனஸ் பவர் கண்ணாடி போடுபவர்கள், புரை ஆபரேஷன் செய்தவர்கள், கண்ணில் பந்தோ மட்டையோ பட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிழிசலோடு நிற்கும்போதே போனால் லேசர் வைத்து உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடுவார்கள். பிரிந்துவிட்டால் ஆபரேஷன். பிரிவது நடுப்பார்வைப் பகுதியைத் தொடுவதற்கு முன் செய்தால் நல்ல பார்வை கிடைக்கும், தொட்ட பிறகு செய்தால் பழைய பார்வை முழுதாகத் திரும்புவது சந்தேகம். இதில் ஒரு நாள் கூடப் பெரிய விஷயம்.

"புரையாத்தான் இருக்கும், பழுக்கட்டும்" என்பது அடுத்த தவறு. புரை ராத்திரியில் வந்து விடியும்போது பார்வையை மறைக்காது, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். கண்ணாடிக் கடைக்குப் போய் கம்ப்யூட்டரில் பவர் பார்த்துப் புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். கண்ணாடி வருவதற்குள் ஒரு வாரம் போய்விடும்.

கண் சிவந்து, வலித்து, மங்கினால்

இது நம் மண்ணுக்கே உரிய பிரச்சினை. குறுவை அறுப்பானாலும் சம்பா அறுப்பானாலும் கருக்கா (பதர்) பறக்கும், கதிரின் சுனை கண்ணில் குத்தும், வைக்கோல் கட்டும்போது கீறும், மாடு வாலைச் சுழற்றினால் நேராகக் கண்ணில் அடிக்கும். அந்தச் சின்னக் கீறலில் மண்ணிலும் பயிரிலும் இருக்கும் பூஞ்சைக் காளான் ஏறிக்கொண்டால் கருவிழியில் புண் ஆகும். முதலில் உறுத்தல், தண்ணீர் வடிதல், வெளிச்சம் பார்த்தால் கூசுதல், சில நாளில் கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி. "கண்ணுல பூ விழுந்துடுச்சு" என்பது பலருக்கு இப்படி ஆரம்பித்ததுதான்.

இங்கே நடக்கும் தவறுகள் ஒன்றிரண்டு இல்லை. அப்பாயி பாசத்தோடு நாக்கால் துழாவி உமியை எடுப்பார், யாராவது தாய்ப்பால் பீய்ச்சச் சொல்வார்கள், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு என்று அவரவருக்குத் தெரிந்தது. இவை எல்லாமே புண்ணுக்குள் கிருமியை ஏற்றும். இவற்றையெல்லாம்விட மோசமானது மெடிக்கல் ஷாப்பில் "கண்ணு செவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து கொடுங்க" என்று கேட்டு வாங்குவது. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகள் விட்டதும் சிவப்பு குறையும், வலி குறையும், ஆகா நல்ல மருந்து என்று தோன்றும், உள்ளே காளான் தடையில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்ததை, போன வருஷம் பிரித்து வைத்ததை எடுத்து விடுவதும் இதேதான். காளான் புண்ணுக்கு நாட்டமைசின் போன்ற தனி மருந்து, அதுவும் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகு, மணிக்கொரு முறை விட வேண்டியிருக்கும். கருக்கா பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், கசக்காதீர்கள். மறுநாளும் உறுத்தினால், அல்லது அன்றைக்கே மங்கினால், பக்கத்து அரசு மருத்துவமனையில் கண் பிரிவில் காட்டுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் மட்டும் வரிசை மாறும். குழந்தைகள் சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடும்போது கண்ணில் பீய்ச்சியடிக்கும். அங்கேயே, அந்த நிமிஷமே குழாயடியில் கண்ணைத் திறந்து பிடித்து அரை மணி நேரம் கழுவிவிட்டு அப்புறம்தான் வண்டி ஏற வேண்டும்.

ஒரு கண்ணில் கடும் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், அதோடு தலைவலியும் வாந்தியும் என்றால் கண்ணின் நீர் அழுத்தம் சட்டென்று ஏறியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு அதிகம் வரும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கு ஊசி போட்டுக்கொண்டு, ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு ராத்திரியைக் கழித்துவிடுவார்கள். அந்த ஒரு ராத்திரியே பார்வை நரம்புக்குப் போதும். புரை ஆபரேஷன் முடிந்து சில நாளில் வலி, சிவப்பு, மங்கல் வந்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீர்கள், கேம்ப்பில் செய்ததாக இருந்தாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போங்கள், உள்ளே கிருமி போயிருந்தால் மணிக்கணக்கில் மோசமாகும். இளம் வயதினருக்கு, கண்ணை உருட்டினால் வலித்து, சிவப்பு நிறம் ஒரு கண்ணில் வெளுத்துத் தெரிந்தால் பார்வை நரம்பு வீக்கமாக இருக்கலாம், செல்போன் பார்த்ததால் என்று திட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள்.

போகும்போது

ஒரு கண் மங்கியவர் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, தூரம் கணிக்க வராது. வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கமிருந்து பஸ்ஸில் தஞ்சாவூர் போவதற்குள் பாதிப் பகல் போய்விடும் என்பதால் தனியார் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் கிளம்பும் முன் போன் செய்து விழித்திரை டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா என்று கேளுங்கள். ராத்திரியானால், ஞாயிற்றுக்கிழமையானால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு திறந்திருக்கும்.

அங்கே போய் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் பேசாமல் உட்காராதீர்கள். நம் ஆட்களுக்கு அது கூச்சம். சீட்டு போடுபவரிடம் "கண்ணு காட்டணும்" என்று மட்டும் சொன்னால் புரைக்கு வந்தவர்களோடு வரிசையில் உட்கார வைப்பார்கள். "காலையில எட்டு மணிக்கு இடது கண்ணு திடீர்னு தெரியாம போச்சு, வலி இல்ல, சுகர் இருக்கு" என்று நேரத்தோடு சொல்லுங்கள், நர்ஸிடமும் திரும்பச் சொல்லுங்கள். போடும் மாத்திரைகளைப் பையோடு எடுத்துப் போங்கள், காப்பீட்டு அட்டையும் ஆதாரும் கூடவே இருக்கட்டும். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை தெளியாது, வெளிச்சம் கூசும், அது மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம். துணைக்கு ஒருவர் இருப்பது அதற்கும்தான்.

"ஒண்ணுமில்ல, உள்ளே இருக்கும் ஜெல்லி வயசுக்கு விலகியிருக்கு, கிழிசல் இல்ல" என்று சொல்லி அனுப்பினாலும் சில வாரத்தில் திரும்ப வரச் சொல்வார்கள், போய்விடுங்கள், கிழிசல் பிறகும் வரலாம். இடையில் பூச்சி கூடினாலோ திரை தெரிந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். குழாய் அடைப்பு என்று சொல்லி இதயத்துக்கு எக்கோ, கழுத்துக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், கண்ணுக்கு வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சீட்டை மடித்து வைத்துவிடாதீர்கள், அடுத்த கட்டி எங்கிருந்து வரும் என்று தேடத்தான் அவை.