திருகோணமலை மணலில் சொட்டு நீர் உருளைக்கிழங்கு

முதலில் காலத்தைச் சரியாகப் பிடியுங்கள். இரவு வெப்பம் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும், மலைநாட்டு நுவரெலியாவுக்கும் வெலிமடைக்கும் அது வாய்த்திருக்கிறது, நமக்கு மார்கழி தையில்கூட அவ்வளவு குளிர் வராது. யாழ்ப்பாணத்தில் மாரிப் பயிராகச் செய்கிறார்களே, அதனால் இங்கும் முயன்று பார்க்கலாம், ஆனால் எடுத்த எடுப்பில் அரை ஏக்கர் போடாதீர்கள், நாலைந்து வரிசை போதும். பெருமழை ஓயும் மார்கழிக் கடைசியில் நட்டால் சித்திரை வெயிலுக்கு முன் கிண்டிவிடலாம்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் நிலம் இதற்கு நல்லது. தம்பலகாமத்து வயல் களியில் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும். போன போகம் கத்தரி, தக்காளி, மிளகாய் நின்ற இடமும் வேண்டாம், வாடல் நோய் அப்படியே தொற்றிக்கொள்ளும். விதைக்கிழங்கு கோழிமுட்டை அளவில், குட்டை முளை விட்டதாக இருக்கட்டும். சூட்டு மண்ணில் வெட்டி நட்டால் அழுகும், முழுசாகவே நடுங்கள்.

இனித் தண்ணீர். உருளைக்கிழங்கின் வேர் ஆழம் போகாது, மணலோ தண்ணீரைப் பிடித்து வைக்காது, அதனால் வாரத்துக்கு இரண்டு தரம் வெள்ளமாக விட்டு இடையில் காயப்போட்டால் கிழங்கு வெடிக்கும், கோணல்மாணலாகப் புடைக்கும். சொட்டு நீரில் கொஞ்சம் கொஞ்சமாக, நாள்தோறும் ஒரே மாதிரி கொடுக்கலாம், எனக்கு அதில் பிடித்ததே இதுதான், தண்ணீர் மிச்சமாவது அப்புறம்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் 1 லீற்றர். வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர், சொட்டுத் துளைகளுக்கு இடையே 30 சென்ரிமீற்றர், வெயில் நாளில் 5 மில்லிமீற்றர் தேவை என்று வைத்தால், ஒரு துளையால் 0.9 லீற்றர் விழ வேண்டும். மணிக்கு 2 லீற்றர் விடும் துளை என்றால் அரைமணிக்கும் குறைவு! அதையும் காலை பாதி, பின்னேரம் பாதி என்று பிரியுங்கள், மணலில் ஒரேயடியாக விட்டால் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். கிழங்கு பிடிக்கத் தொடங்கும்போதும் பருக்கும்போதும் ஒரு நாள்கூடத் தவறவிடாதீர்கள்.

தொட்டியை ஆளுயரத்துக்கு மேல் ஏற்றினால் சின்னத் தோட்டத்துக்கு மோட்டர் இல்லாமலே ஓடும், ஆனால் வரிசை நீண்டால் கடைசித் துளையில் வராது. தலைப்பிலும் நுனியிலும் ஒவ்வொரு டம்ளர் வைத்து ஒரே நேரத்தில் நிரம்புகிறதா பாருங்கள். பில்டர் கட்டாயம், குழாய் நுனியையும் அடிக்கடி திறந்து கழுவி விடுங்கள்.

கடற்கரைக் கிணறு என்றால் உப்பை அளந்து பார்க்காமல் இறங்காதீர்கள், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.1 டெசிசீமென்ஸ் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். சொட்டு நீரில் உப்பு ஈரத்தின் விளிம்பில் சேரும், சின்னத் தூறல் வந்தால் அதைத் திரும்ப வேருக்கே கொண்டுவரும், அதனால் தூறும்போது வால்வைப் பூட்டாதீர்கள், கனமழைக்குப் பூட்டினால் போதும்.

செடி முழங்கால் அளவு வரமுன் மண் அணைத்து, மேலே வைக்கோல் பரப்புங்கள், மண்சூடு இறங்கும், கிழங்கும் பச்சையாகாது. இலை மஞ்சளாகிச் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி இரண்டு கிழமை விடுங்கள். பெருவிரலால் தேய்த்துத் தோல் உரியாவிட்டால் கிண்டலாம், கழுவாமல் இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் பரப்பி வையுங்கள்.