ஒரு தொல்லியலாளரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: மார்ட்டிமர் வீலரை முன்வைத்து

ஓர் அறிஞரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதத் தொடங்குவோர் பெரும்பாலும் பிறப்பு, படிப்பு, பதவி, விருது, மறைவு என்று வரிசையாக அடுக்கி முடித்துவிடுகிறார்கள். தொல்லியலாளரைப் பற்றி அப்படி எழுதினால் அவர் எங்கெங்கே வேலை பார்த்தார் என்பது மட்டும்தான் தெரியவரும். அவர் மண்ணிலிருந்து எடுத்தது எது, அதை வைத்துச் சொன்னது எது, பின்வந்தவர்கள் அதில் எதை ஏற்றார்கள், எதை மறுத்தார்கள் என்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவதே எழுதுகிறவரின் முதல் கடமை. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டின் வழியாக நமக்கு நன்கு அறிமுகமான பிரிட்டிஷ் தொல்லியலாளர் சர் மார்ட்டிமர் வீலரை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

பதவிகளையும் ஆண்டுகளையும் ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிடுங்கள். வீலர் 1890 செப்டம்பர் 10 அன்று கிளாஸ்கோவில் பிறந்தார். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் படித்தார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றி மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றார். 1920இல் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் சேர்ந்து 1924இல் அதன் இயக்குநரானார். 1926இல் லண்டன் அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றார். 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்தார். 1952இல் சர் பட்டம் பெற்று, 1976 ஜூலை 22 அன்று மறைந்தார். இதற்கு மேல் பதவிகளைப் பற்றி விரித்தால், அவருடைய உண்மையான வேலைக்கு இடம் இல்லாமல் போகும்.

அடுத்து அவருடைய முறையை விளக்க வேண்டும். இங்கே அவசரப்படக் கூடாது. ‘அறிவியல் முறையில் அகழ்ந்தார்’ என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் விளங்காது. அகழிடத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கு இடையே வெட்டாத மண் வரம்புகளை விட்டுவைத்து, அந்த வரம்புகளின் பக்கச் சுவரில் தெரியும் மண்ணடுக்குகளை வரைந்து, ஒவ்வொரு பொருளையும் அது கிடந்த அடுக்கோடு சேர்த்துப் பதிவு செய்வது அவர் வழக்கம். அதன் பயனை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டு போதும். பழைய குடியிருப்பு ஒன்றின்மேல் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர்கள் ஒரு குப்பைக் குழி தோண்டியிருந்தால், அந்தக் குழியின் அடியில் கிடக்கும் உடைந்த சட்டியும், பக்கத்திலேயே பழைய தரையின்மேல் கிடக்கும் சட்டியும் ஒரே ஆழத்தில் இருக்கும்; காலத்தால் அவை வெகு தொலைவில் இருக்கும். மொகஞ்சதாரோவின் தொடக்க கால அகழாய்வுகளில் ஒரு நிலையான மட்டத்திலிருந்து அளந்த ஆழத்தையே பெரிதும் நம்பினார்கள் என்பதையும், வீலர் இந்தியாவில் அதைக் கடுமையாகக் கண்டித்ததற்குக் காரணம் என்ன என்பதையும் வாசகர் இந்த ஒரு குழியிலிருந்தே புரிந்துகொள்வார்.

முறையைச் சொல்லும்போதே உடன் உழைத்தவர்களையும் சொல்லிவிட வேண்டும். வீலரின் மனைவி டெஸ்ஸா வெர்னி வீலர் தாமே தேர்ந்த அகழாய்வாளர். வேல்ஸில் தொடங்கி இங்கிலாந்தின் லிட்னி, வெருலாமியம், மெய்டன் காசில் வரையிலான பணிகளில் அவருடைய பங்கு மிகப் பெரியது. இருவரும் சேர்ந்து கனவு கண்ட லண்டன் தொல்லியல் நிறுவனம் 1937இல் திறக்கப்பட்டபோது டெஸ்ஸா உயிரோடு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அவரைக் குடும்பச் செய்தியாக ஒரு வரியில் கடந்துபோகும் கட்டுரைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வெருலாமியத்தில் பயின்ற கேத்லீன் கென்யன் பின்னர் பாலஸ்தீனத்தின் பழைய நகரான ஜெரிக்கோவில் இதே முறையைச் செம்மைப்படுத்திக் கையாண்டார். இன்று அந்த முறைக்கு வீலர், கென்யன் இருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது.

தமிழ் வாசகர்களுக்கு எழுதும்போது அரிக்கமேட்டுக்கு அதிக இடம் ஒதுக்குவது இயல்புதான். ஆனால் ‘அரிக்கமேட்டைக் கண்டுபிடித்தவர் வீலர்’ என்று எழுதுவது தவறு. அவருக்கு முன்பே, புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அந்த இடத்தின் முக்கியத்துவத்தை உணர்ந்திருந்தார்; பிரெஞ்சுக்காரர்கள் அங்கே அகழ்ந்தும் இருந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் ஆம்போரா எனப்படும் இரு கைப்பிடி ரோமானியச் சாடி ஒன்றின் துண்டைக் கண்ட வீலர், அது கிடைத்த இடத்தைத் தேடிப் போய் 1945இல் அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பெயரால் வழங்கும் அரிட்டைன் என்ற சிவந்த மெருகுள்ள கலங்கள் எப்போது உற்பத்தியாயின என்பது ஐரோப்பிய ஆய்வுகளால் தெரிந்திருந்தது. அவை கிடந்த அடுக்கிலேயே உள்ளூர்ப் பானையோடுகளும் கிடந்தால், அதுவரை காலம் தெரியாத அந்த ஓடுகளுக்கும் காலம் கிடைத்துவிடும். சிறு புள்ளிக்கோடுகளை வளையமாகப் பதித்த ரௌலட்டட் வகை ஓடுகளுக்குக் காலம் கிடைத்தது இப்படித்தான். 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் பெருங்கற்காலப் பண்பாட்டின் காலத்தைக் கணிக்கவும் அது கைகொடுத்தது. இந்தத் தர்க்கத்தை விளக்கிய பிறகு, ‘இந்திய-ரோமானிய வணிக நிலையம்’ என்று அவர் வைத்த பெயர் அவருடைய கருத்து என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். விமலா பெக்லி தலைமையில் 1989 முதல் 1992 வரை நடந்த அகழாய்வுக்குப் பின், அங்கே ரோமானிய வணிகத்துக்கு முன்பே மக்கள் குடியிருந்தார்கள் என்பதும், வீலர் கருதியதைவிட நெடுங்காலம் அந்த ஊர் இயங்கியது என்பதும் வலுப்பட்டன.

தவறாகிப்போன முடிவுகளை மறைக்க வேண்டாம். அவற்றை ஆண்டோடு எழுதுங்கள். 1946இல் ஹரப்பாவில் கோட்டைச் சுவரை வெட்டிப் பார்த்த வீலர், மொகஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக்கூடுகளை அதோடு இணைத்து, ஆரியப் படையெடுப்பில் மக்கள் கொல்லப்பட்டார்கள் என்று 1947இல் எழுதினார். அந்த எலும்புக்கூடுகள் அவர் வருவதற்கு முன்பே பிறர் எடுத்தவை. அவை ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல என்றும், படுகொலைக்குச் சான்று இல்லை என்றும் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் 1964இல் எடுத்துக்காட்டினார். அடுக்கைப் பார்க்காமல் எதையும் சொல்லாதே என்று கற்பித்தவரே இங்கே அடுக்கை மறந்தார் என்பது என் மதிப்பீடு. இங்கிலாந்தின் மெய்டன் காசிலில், முதுகெலும்பில் இரும்பு முனை பாய்ந்த எலும்புக்கூட்டையும் சுற்றியிருந்த புதைகுழிகளையும் கொண்டு ரோமானியத் தாக்குதலின் முழுக் கதையையும் அவர் சொன்னபோதும் இதே மனப்போக்கைக் காணலாம். பிற்கால ஆய்வாளர்கள் அந்தக் கதையை அப்படியே ஏற்கவில்லை.

சான்றுகளைப் படிக்கும் வரிசையும் முக்கியம். அகழாய்வு அறிக்கைகளை முதலில் படியுங்கள்; அரிக்கமேட்டு அறிக்கை, அவரே தொடங்கிய ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் 1946இல் வெளிவந்தது. அதன் வரைபடங்களையும் படங்களையும் பார்த்த பிறகு உரைக்குச் செல்வது நல்லது. 1955இல் வெளியான அவருடைய தன்வரலாற்றைக் கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள். அது வெளியானபோது அவர் பிபிசி தொலைக்காட்சியால் நாடறிந்த மனிதராகியிருந்தார். கதை சொல்வதில் வல்லவர். நிகழ்ச்சிகளை அவர் நினைவுகூரும் விதத்தை அறிக்கைகளோடு ஒப்பிடாமல் எடுத்தாளக் கூடாது.

கட்டுரையின் கடைசிப் பகுதியை அவருடைய இந்திய மாணவர்களுக்குக் கொடுங்கள். 1944இல் தட்சசீலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பள்ளியில் பயின்ற பி. பி. லால் பின்னர் அஸ்தினாபுரத்தை அகழ்ந்தார், லாலும் பி. கே. தாபரும் ராஜஸ்தானில் உள்ள சிந்துவெளிக் கால ஊரான காலிபங்கனில் பணியாற்றினார்கள். மண் வரம்பு விட்டுச் சதுரம் சதுரமாக வெட்டும் வழக்கம் இந்நாட்டு அகழாய்வுகளில் வேரூன்றியது இவர்கள் வழியாகத்தான் என்பதால், வெறும் பெயர்ப் பட்டியலாக விடாமல், ஒவ்வொருவரும் எந்த இடத்தில் அந்த முறையை எப்படிக் கையாண்டார் என்று சில வரிகளாவது எழுதுங்கள்.