‘4 ஜிபி கார்டு’ வாங்கி ஏமாறாமல் இருக்க

போன தீபாவளிக்கு அக்கா மகன் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிவந்தான். “4 ஜிபி மாமா, ஜிடிஏ 5 கேம் பறக்கும்னு கடைக்காரர் சொன்னார்” என்றான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஜிடி 730. ஓரத்தில் பொடி எழுத்தில் மெமரி வகை: டிடிஆர்3, 64 பிட். அவன் கம்ப்யூட்டரில் இருப்பது ரைசன் 5 5600ஜி. அந்த பிராசஸருக்குள் சும்மா கிடைக்கிற கிராபிக்ஸே இந்தக் கார்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். காசு கொடுத்துக் கம்ப்யூட்டரை மெதுவாக்கிக்கொண்டு வந்திருந்தான்.

அவன் செய்தது ஊரே செய்கிற தவறுதான். கார்டு வாங்கப் போனால் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி “எத்தனை ஜிபி?” மொட்டை மாடியில் எவ்வளவு பெரிய டேங்க் வைத்தாலும் இறங்குகிற குழாய் அரை இஞ்ச் என்றால் பக்கெட் நிரம்ப நேரமாகத்தான் செய்யும். ஜிபி என்பது டேங்க். குழாய், மெமரியின் வேகம். அந்த ஜிடி 730-இல் நொடிக்குச் சுமார் 14 ஜிபி தகவல்தான் ஓடும். 5600ஜி-க்கு 3200 வேக டிடிஆர்4 ரேமை இரண்டு ஸ்டிக்காகப் போட்டால் 51 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் 128, ஆர்எக்ஸ் 6600 கார்டில் 224. பெட்டியில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேமுக்கு, கார்டுக்கென்றே செய்த வேகமான மெமரியான ஜிடிடிஆர்5 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

கடையில் கார்டைத் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் அவன் கேபினட்டைத் திறந்தபோது 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தது. கார்டைக் கழற்றிவிட்டு, அதே மாதிரி ரேம் இன்னொன்று வாங்கி, மதர்போர்டு கையேடு சொன்ன ஸ்லாட்டில் போட்டோம். வேலரன்ட், மைன்கிராஃப்ட் இரண்டும் தடங்கலில்லாமல் ஓடின. இந்த அளவு விளையாட்டுதான் என்றால் பலருக்குக் கார்டே தேவைப்படாது. கார்டு விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

கார்டு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து மாட்டிக்கொள்கிற இடம், பெயர். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் 2017-இல் வந்ததில் ஜிடிடிஆர்5, 2018-இல் வந்த இன்னொன்றில் டிடிஆர்4. பின்னதன் மெமரி வேகம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆர்டிஎக்ஸ் 3050-இலும் 8 ஜிபி வேறு, 6 ஜிபி வேறு. மெமரி மட்டுமல்ல, சிப்பில் உள்ள கோர்களும் குறைவு. ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுகிற பலவற்றின் வாலில் ‘2048எஸ்பி’ ஒட்டியிருக்கும். அது ஏறக்குறைய ஆர்எக்ஸ் 570.

இன்னொரு கண்ணி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. மதர்போர்டோடு பேச இதற்கு நான்கு பாதைகள்தான். அந்தப் பாதைக்குப் பெயர் பிசிஐஇ. பிசிஐஇ 4.0 போர்டில் சமாளிக்கும், 3.0-இல் அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும். இருப்பதும் 4 ஜிபி மெமரிதான் என்பதால், அது நிரம்பும்போதெல்லாம் ஆட்டம் திக்கும். எங்கள் பையனுடைய 5600ஜி எந்த போர்டில் உட்கார்ந்தாலும் 3.0-தான். ஆக, விலை குறைந்த, பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவரைத்தான் இந்த ‘பட்ஜெட்’ கார்டு அதிகம் படுத்தும். இன்டெல் ஆர்க் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை: ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் எட்டவிடுவது) வசதி இல்லாத பழைய போர்டில் அதை மாட்டாதீர்கள்.

இனி, நீடித்து உழைப்பது. நல்ல கார்டு பத்து வருடம்கூடக் கெடாமல் ஓடும். அதற்கு முன்பே ஆயுளை முடிப்பது டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். என்விடியா, ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி இன்றும் 1650-க்குச் சளைத்ததல்ல, செகண்ட் ஹேண்டில் மலிவும்கூட. ஆனால் 1650 அடுத்த தலைமுறை. அதற்கு டிரைவர் தொடர்கிறது. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 400, 500 வரிசைகள் 2023 கடைசியிலேயே ஓரங்கட்டப்பட்டுவிட்டன. 2025 அக்டோபரில் 5000, 6000 வரிசைகளையும் தனி டிரைவர் கிளைக்கு மாற்றுவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் கேம் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி விளக்கம் சொன்னது. அதனால்தான் நான் வேகப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் கார்டு பிறந்த வருடத்தைப் பார்ப்பேன். ஆர்எக்ஸ் 6600 2021, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 2024.

நம் ஊரில் கார்டை உண்மையாகவே கொல்வது எஸ்எம்பிஎஸ், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி. கேபினட்டோடு இலவசமாக வருமே, அதுதான். என் பழைய கேபினட்டில் வந்ததன் ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 450 என்றிருந்தது. கீழே கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு எதிரே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டில்தான். ஆர்எக்ஸ் 6600 ஒன்றே 132 வாட் கேட்கும். கேம் சூடுபிடிக்கும்போது கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. ஒரு மாதம் விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டிக்கரைப் படிக்கத் தோன்றவில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கக் காசு இல்லையென்றால் 75 வாட்டுக்குள் அடங்குகிற கார்டாகப் பாருங்கள். ஸ்லாட்டே அவ்வளவு தந்துவிடும், தனி வயர் வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட். ஆபீஸ்களில் கழித்துவிட்ட ஒல்லிக் கம்ப்யூட்டர் என்றால் உயரம் குறைந்த கார்டாகவும் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மூடி மூடாது.

செகண்ட் ஹேண்ட் தப்பில்லை. கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கிற ‘மைனிங்’ 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்ததும் சந்தைக்குக் கொட்டிய கார்டுகளில் நல்லவையும் உண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையானாலும் தெரிந்தவர் வீடானாலும், ஓடுகிற கம்ப்யூட்டரில் மாட்டி இருபது நிமிடம் ஒரு கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் சத்தம் கேளுங்கள், திரையில் புள்ளி, கோடு வருகிறதா பாருங்கள். பென்டிரைவில், கார்டின் உண்மை விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை எடுத்துப் போங்கள். பழைய சிப்பின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று விற்கிற போலிக் கார்டை அது காட்டிக்கொடுத்துவிடும். வாரன்டி மிச்சமிருக்கிறது என்றால் ஒரிஜினல் பில்லையும் சேர்த்து வாங்குங்கள்.

சித்திரையில் அக்கா மகன் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி வாங்கினான், இந்தமுறை என்னைக் கேட்டுவிட்டு. மறுநாளே போன். “மாமா, ஒரு மாற்றமும் இல்ல, அதே ஃப்ரேம்தான் வருது.” கேபினட்டின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மானிட்டரின் எச்டிஎம்ஐ வயர் புதுக் கார்டில் இல்லை, இன்னும் மதர்போர்டில்தான் செருகியிருந்தது.