உலக உடன்படிக்கையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

உலகத் தலைவர்கள் ஒரே மேடையில் கைகோத்து நிற்கும் படம் நாளிதழ்களில் வெளியாகும் நாளில், அவர்கள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தேடிப் படிப்பவர்கள் மிகச் சிலரே. நாடுகளின் ஒத்துழைப்பு இனி எந்தத் திசையில் போகும் என்று அறிய விரும்புபவர் அந்தப் படத்தையும் உரைகளையும் ஒதுக்கிவிட்டு, மூல வாசகத்தை எடுத்துக்கொள்வதே நல்லது. உறுப்பு நாடுகள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகள் ஐக்கிய நாடுகள் அவையின் செயலகத்தில் பதிவு செய்யப்பட்டு வெளியிடப்பட வேண்டும் என்று அதன் சாசனத்தின் 102ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அவற்றைப் படிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. சட்டப் படிப்பும் தேவையில்லை.

படிப்பதை முகப்புரையிலிருந்து தொடங்காதீர்கள். முகப்புரையில் எல்லா நாடுகளும் அமைதியை விரும்பும், எதிர்காலத் தலைமுறையை நினைத்துக் கவலைப்படும். முதலில் கடைசிப் பக்கங்களுக்குச் சென்று, எப்போது நடைமுறைக்கு வரும் என்று சொல்லும் பிரிவைத் தேடுங்கள். 1996இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட அணு ஆயுதச் சோதனை முழுத் தடை உடன்படிக்கை, இணைப்பொன்றில் பெயர் குறிக்கப்பட்ட 44 நாடுகளும் முறைப்படி ஏற்றால்தான் உயிர் பெறும். அவற்றில் ஒன்று மறுத்தாலும் போதும், அது நின்றுவிடும்; இன்றுவரை அது நடைமுறைக்கு வரவில்லை. 2015 டிசம்பரில் உருவான பாரிஸ் காலநிலை உடன்படிக்கையோ, உலகின் பசுமைக்குடில் வாயுக்களில் 55 விழுக்காட்டுக்குப் பொறுப்பான 55 நாடுகள் ஏற்றால் போதும் என்று வைத்துக்கொண்டதால், ஓராண்டு முடிவதற்குள் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கையெழுத்திடுவது வேறு, பின்னேற்பு வேறு. உள்நாட்டுச் சட்ட நடைமுறைகளை முடித்துவிட்டு, ‘இது எங்களைக் கட்டுப்படுத்தும்’ என்று ஒரு நாடு முறையாக அறிவிப்பதே பின்னேற்பு. பசுமைக்குடில் வாயு உமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ நெறிமுறையில் அமெரிக்கா 1998இல் கையெழுத்திட்டது. பின்னேற்பு அளிக்கவே இல்லை. செய்தியில் ‘கையெழுத்திட்டது’ என்று வந்தால், பின்னேற்புப் பட்டியலைப் பார்க்கும்வரை அதை முடிந்த காரியமாகக் கொள்ளாதீர்கள்.

அடுத்து வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். பாரிஸ் மாநாட்டின் கடைசி நாளான 2015 டிசம்பர் 12 அன்று நடந்ததை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இறுதி வரைவின் 4ஆம் பிரிவில், வளர்ந்த நாடுகள் பொருளாதாரம் முழுமைக்குமான உமிழ்வுக் குறைப்பு இலக்குகளை மேற்கொண்டு தொடர்ந்து முன்னிற்க வேண்டும் என்ற இடத்தில், கட்டாயத்தைக் குறிக்கும் ‘ஷால்’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. அதை ஏற்றால் புதிய சட்டக் கடமை பிறக்கும், நாட்டின் செனட் அவையின் ஒப்புதல் தேவைப்படும் என்பதால் அமெரிக்கக் குழு மறுத்தது. நிறைவுக் கூட்டம் தாமதமாயிற்று. பிறகு எழுத்துப் பிழைகளின் திருத்தங்களோடு சேர்த்து, அந்தச் சொல் ‘ஷுட்’ என்று மாற்றி வாசிக்கப்பட்டது. கடமையாக இருந்தது, ‘செய்வது தக்கது’ என்ற அறிவுரையாக இளகியது. இந்த நுட்பம் தமிழ் மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது, ஏனெனில் இரண்டையும் ‘வேண்டும்’ என்றே எழுதிவிடுகிறோம். எனவே முக்கியப் பிரிவுகளையாவது மூல மொழியில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சொன்னபடி நடக்கிறார்களா என்று யார் போய்ப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. பனிப்போர் உச்சத்தில் இருந்த 1959இல், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உட்பட 12 நாடுகள் செய்துகொண்ட அண்டார்டிக் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, இந்நாடுகள் அனுப்பும் பார்வையாளர்கள் எந்த நேரத்திலும் அங்குள்ள எந்த ஆய்வு நிலையத்துக்குள்ளும் செல்லலாம் என்கிறது. பகை நாடுகளுக்கிடையே நம்பிக்கையை இப்படித்தான் எழுத்தில் கட்ட வேண்டும். இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவும் ரஷ்யாவும் தம் அணு ஆயுதங்களை வரம்புக்குள் வைக்கச் செய்துகொண்ட நியூ ஸ்டார்ட் உடன்படிக்கை ஆண்டுக்கு 18 நேரடி ஆய்வுகள்வரை அனுமதித்தும், 2020இல் பெருந்தொற்றால் நின்ற ஆய்வுகள் மீண்டும் தொடங்கவே இல்லை. 2023இல் ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. 2026 பிப்ரவரியில் உடன்படிக்கையே காலாவதியாயிற்று. ஆய்வு நின்ற நாளைக் கவனித்தவர்களுக்கு அந்த முடிவு முன்பே தெரிந்திருக்கும்.

சேர்ந்தால் என்ன கிடைக்கும், விலகி நின்றால் என்ன இழப்பு என்பதையும் தேடுங்கள். எனக்குத் தெரிந்தவரை இதில் மிகச் சிறந்த பாடம் ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் நெறிமுறை. அதன் 4ஆம் பிரிவு, சேராத நாடுகளோடு ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வேதிப்பொருள்களை வாங்கி விற்பதைத் தடுத்தது. வெளியே நின்றால் சந்தை போய்விடும். அதன் 5ஆம் பிரிவு, தலைக்கு மிகக் குறைவாகப் பயன்படுத்திய வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு கூடுதல் அவகாசம் தந்தது. அதுவும் போதாது, மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு யார் பணம் தருவது என்று அந்நாடுகள் கேட்டன; அக்கேள்விக்கு விடையாக 1990இல் லண்டனில் பலதரப்பு நிதியம் உருவானது. இன்று உலக நாடுகள் அனைத்தும் அந்த நெறிமுறையில் சேர்ந்திருக்கின்றன. கண்டிப்பு, அவகாசம், பணம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கொண்ட உடன்படிக்கைகள் மிக அரிது என்பதால், புதிதாக எதைப் படித்தாலும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விலகும் வழியையும் படிக்க வேண்டும். அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் மூன்று மாத முன்னறிவிப்பு போதும். வட கொரியா 2003இல் அந்த வழியைத்தான் பயன்படுத்தியது. பாரிஸ் உடன்படிக்கையில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு விலகவே இயலாது, அதன் பிறகும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதனால்தான் 2017இல் அறிவிக்கப்பட்ட அமெரிக்க விலகல் 2020 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் அந்நாடு திரும்பவும் சேர்ந்தது. ஆட்சி மாறக்கூடிய உலகில் இந்தத் தாமதம் எவ்வளவு மதிப்புடையது என்பதை இந்த ஒரு நிகழ்வே காட்டுகிறது, ஆனாலும் அமெரிக்கா 2025இல் மீண்டும் விலகல் அறிவிப்புக் கொடுத்தது.

ஐ.நா. பாதுகாப்பு அவை விரைவில் மாற்றி அமைக்கப்படும் என்று யாரேனும் சொன்னால், ஐ.நா. சாசனத்தின் 108ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். எந்தத் திருத்தத்துக்கும் உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கின் பின்னேற்பு வேண்டும். அவற்றுள் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இருந்தாக வேண்டும். அந்த அவை 11 இடங்களிலிருந்து 15ஆக விரிந்தது 1965இல். அதன் பிறகு விரியவில்லை.

பயிற்சிக்கு, 2025 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நோய்க்கிருமி மாதிரிகளைப் பகிரும் நாடுகளுக்குத் தடுப்பூசியிலும் மருந்திலும் என்ன பங்கு என்பதைத் தீர்மானிக்கும் இணைப்பைப் பேரவை நிறைவேற்றிய பிறகே அது கையெழுத்துக்குத் திறக்கப்படும். பின்னர் 60 நாடுகளின் பின்னேற்பு வேண்டும். அந்த இணைப்பின் வாசகத்தில் மருந்து நிறுவனங்களைப் பற்றி வரும் வினைச்சொற்களை முதலில் அடிக்கோடிடுங்கள்.