எல்-புரோலினிலிருந்து டி-புரோலின்: படிகமாக்கலால் இயங்குநிலைப் பிரிப்பு

ரேசிமிக் கலவையை (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எல், டி வடிவங்கள் சரிபாதியாகக் கலந்தது) சாதாரணமாகப் பிரித்தால், வேண்டிய எனான்ஷியோமர், அதாவது அந்த இரண்டில் ஒன்று, 50 சதவீதத்தைத் தாண்டாது. வேண்டாததையும் அதே குடுவையில் வேண்டியதாக மாற்றிக்கொண்டே படிகமாக இறக்கினால் அந்த வரம்பு உடைகிறது. இதைப் பழக புரோலின் என்ற அமினோ அமிலம் அருமையான தொடக்கம்: ஐந்தணு நைட்ரஜன் வளையம், மலிவான எல் வடிவம், விலை கூடிய டி வடிவம்.

தேவை: எல்-புரோலின் 11.5 கிராம் (0.1 மோல்), எல்-டார்டாரிக் அமிலம் 15.3 கிராம், பியூட்டைரால்டிஹைடு 0.72 கிராம் (0.01 மோல்), கரைப்பானாகப் பியூட்டிரிக் அமிலம் 80 மில்லி. பியூட்டிரிக் அமிலத்தின் நாற்றம் துணியில் ஒட்டினால் லேசில் போகாது. எல்லா வேலையும் ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள்ளேயே (fume hood) நடக்கட்டும்.

படி 1: அனைத்தையும் குடுவையில் இட்டு, குளிர்விப்பான் பொருத்தி, 80 டிகிரி செல்சியஸில் சுமார் 30 மணி நேரம் கலக்குங்கள். ஆல்டிஹைடின் கொதிநிலையே 75 டிகிரிதான். குளிர்விப்பான் சரியில்லையென்றால் அது ஆவியாகிப் போய்விடும், மாற்றமும் நின்றுவிடும். பழைய பாட்டிலில் உள்ளது காற்றுபட்டு அமிலமாகியிருக்கும், காய்ச்சி வடித்துப் பயன்படுத்துங்கள். கலவை முழுதும் தெளியாவிட்டாலும் கரைப்பானைக் கூட்டாதீர்கள். குழம்பு கெட்டியாகிக் காந்தக் கலக்கி திணறும் என்பதால் இயந்திரக் கலக்கியே நல்லது.

உள்ளே நடப்பது இதுதான்: ஆல்டிஹைடு புரோலினின் நைட்ரஜனோடு சேர்ந்து இமினியம் (கார்பனும் நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பில் உள்ள நேர்மின் அயனி) ஆகிறது. அப்போது ஆல்ஃபா ஹைட்ரஜன் (கார்பாக்சில் தொகுதியை ஒட்டிய கார்பனில் உள்ளது) எளிதில் கழன்று, திரும்ப எந்தப் பக்கமும் ஒட்டும். கரைசலில் இரு வடிவங்களும் இருக்க, கரைதிறன் குறைந்த டி-புரோலின் டார்டரேட் மட்டும் படிகிறது. குறைந்ததை ஈடுகட்ட எல் மேலும் டி ஆகிறது. வெப்பத்தை மிகக் கூட்டினால் கார்பாக்சில் தொகுதி கழன்று கரைசல் பழுப்பாகும்.

படி 2: மெதுவாக ஆறவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விளைச்சல் கூடுமென்று பனிக்கட்டியில் வைத்தால், டி ஆக மாற அவகாசமின்றி எல் உப்பும் சேர்ந்து விழும். வடிகட்டி, குளிர்ந்த எத்தனாலால் கழுவுங்கள். தூய்மை போதாவிட்டால் நீர் கலந்த எத்தனாலில் மறுபடிகமாக்கலாம்.

படி 3: டி-புரோலின் டார்டரேட் உப்பு 26.5 கிராமுக்கு மெத்தனால் 300 மில்லி, அடர் அம்மோனியா சுமார் 14 மில்லி. அம்மோனியம் டார்டரேட் வெள்ளையாக வீழ்படியும். அதை வடித்து நீக்கி, வடிநீரை ஆவியாக்கினால் டி-புரோலின். ஈரத்தை உறிஞ்சும், உடனே மூடி வையுங்கள்.

நீர்க்கரைசலில் ஒளிச்சுழற்சி எண் +85 அளவில் இருக்க வேண்டும். உப்பாக இருக்கும்போதே அளக்காதீர்கள்: டார்டாரிக் அமிலமும் ஒளியைச் சுழற்றும். விடுவித்த பின்னும் அதன் மிச்சம் ஒட்டியிருந்தால் எண் குறைந்து காட்டும். சந்தேகமானால், எல், டி வடிவங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் கைரல் எச்.பி.எல்.சி. (HPLC) கருவியில் பார்த்துவிடுங்கள்.